எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது

ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். படம் பார்த்துக் கருத்துச் சொல்லும் குழு ஒன்றை வட்ஸ்அப்பில் தொடங்கப்போகிறோம் என்று வந்து கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இதுதான். இருபது பேர் இருந்தால் பாதிக்கு மேல் பெருவிரலை நிமிர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். ஆறு பேர் என்றால் யார் வாய் திறக்கவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். மற்றவர்களே பிடித்துக் கேட்பார்கள்.

நான் கல்யாணவீடும் சாமத்தியவீடும் எடுத்துப் பிழைக்கிறவன். வீடு பாப்பாமோட்டையில், பூநகரி வீதிப் பக்கம். இங்கே ஊர்கள் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. ஒரு படத்தைக் காட்டிக் கதைப்பதற்காக பஸ் ஏறி மன்னார் போய் வர, தொழிலுக்குப் போகிற எவருக்கும் நேரமில்லை. ஆகவே போனில்தான் கூடுகிறோம். வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு படம். ஞாயிறு இரவுக்குள் எல்லாரும் சொல்லிவிட வேண்டும். டொரன்டோவில் இருக்கிற ஒருவருக்கு மாரியில் எங்களைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் என்பதால், எல்லாரையும் ஒரே நேரத்தில் அழைப்பில் இழுக்கிற வேலையை விட்டுவிட்டோம். ஆறுதலாகப் பார்த்து எழுதுகிற கருத்தில்தான் சரக்கு இருக்கும்.

குழுவின் பெரிய சட்டம்: மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை படம் போட்டவர் பேசக் கூடாது. தலைமன்னார்த் தம்பி ஒருவர் பழைய இறங்குதுறையைப் பொழுதுபடும் நேரம் எடுத்து அனுப்பினார். கூடவே ஒரு நீண்ட குரல்பதிவு: கச்சான் காற்று எப்படி அடித்தது, ட்ரைபொட் எப்படிச் சரிந்தது, அதை எப்படிக் காலால் மிதித்துப் பிடித்தார். அதற்குப் பிறகு எல்லாரும் காற்றைப் பற்றியே கதைத்தார்கள். கடல் விளிம்பு ஒரு பக்கம் சரிந்து கிடந்ததை ஒருவரும் காணவில்லை.

முதல் சுற்றில் 'பிடிச்சிருக்கு', 'பிடிக்கேல்லை' இரண்டுக்கும் இடமில்லை. என்ன தெரிகிறது, கண் முதலில் எங்கே போய் நின்றது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது, எந்த ஓரத்தால் வெளியே போனது, இவ்வளவுதான். ஒரு தங்கச்சி கருவாடு காயப்போடும் ஆச்சி ஒருவரின் கைகளை எடுத்திருந்தார். சுருக்கம் விழுந்த கை, மீனின் மினுக்கம், நல்ல காலை வெயில். கண் எங்கே போனது என்று கேட்டபோது, மூலையில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் பரல் என்று ஒருவர் மாறி ஒருவர் எழுதினார்கள். வாதாட ஒன்றுமில்லை. அடுத்த முறை அவர் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்று எடுத்தார்.

இந்த முறையை நான் என் மாஸ்டரிடம் கண்டேன். மன்னாரில் ஸ்டூடியோ வைத்திருந்த கறுப்பு வெள்ளைக் காலத்து மனிதர். டெவலப்பர் கறை ஏறி நகமெல்லாம் பழுப்பாகியிருக்கும். பிரின்டைக் கொண்டுபோய் நீட்டினால் ஒன்றும் சொல்லமாட்டார். தலைகீழாகத் திருப்பி வைப்பார். முகமும் மரமும் மறைந்து, கறுப்பு எந்தப் பக்கம் கனக்கிறது, வெள்ளை எங்கே ஓட்டையாகத் தெரிகிறது என்பது மட்டும் மிஞ்சும். பிறகு 'எல்' வடிவில் வெட்டிய இரண்டு மட்டைகளை எடுத்துப் படத்தின் மேல் மெல்ல நகர்த்துவார். ஓரிடத்தில் கை நின்றுவிடும். அந்த இடம்தான் க்ரொப். "முழங்காலிலை வெட்டாதை, மேலை இல்லாட்டிக் கீழை வெட்டு" என்பது போல எப்போதாவது ஒரு வசனம் வரும். இன்றைக்கு நாங்கள் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து விரலால் கோடு கிழித்து அனுப்புகிறோம். வேலை அதேதான். ஆனால் அந்த மட்டை நகர்கிற வேகத்தை, நிற்கிற தயக்கத்தைப் போனில் கற்றுக்கொடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. வீட்டில் மட்டை வெட்டி வைத்து, பழைய கலண்டர் படங்களின் மேல் பழகுங்கள்.

மாஸ்டர் பிரின்டோடு கொன்டாக்ட் ஷீட்டையும், அதாவது சுருளில் எடுத்த எல்லாப் படமும் சின்னதாய் வரிசையாகத் தெரிகிற தாளையும், கேட்பார். ஆகவே எங்கள் குழுவிலும் தெரிவு செய்த படத்துக்கு முன்னால் எடுத்த இரண்டு, பின்னால் எடுத்த இரண்டு சேர்த்து அனுப்ப வேண்டும். மன்னார் வீதிக் கழுதையை எடுக்காத புதுக் கமராக்காரர் இங்கே இல்லை. ஒருவர், கழுதை நேரே பார்க்கிற படத்தைத் தெரிவு செய்து அனுப்பினார். அடுத்த பிரேமில் குட்டி தாயின் வயிற்றடியில் புகுந்திருக்க, பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் சைக்கிளை நிறுத்தி வழிவிட்டுக்கொண்டு நின்றான். எடுத்தவருக்கு அது கையில் இருந்ததே தெரியாது. பலருக்குப் படம் எடுப்பதைவிடத் தெரிவு செய்வதில்தான் சிக்கல்.

குறை சொன்னால் மாற்று வழியும் அதிலேயே இருக்க வேண்டும். ஒரு உதாரணம்: வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் ஏறிய ஈரநிலம். பருவத்தில் மன்னார் பாலத்துக்குப் போகிற பாதையில் நின்றே பூநாரைகளைப் பார்க்கலாம். அந்த மாதங்களில் குழு முழுக்கப் பூநாரைதான். இறகெல்லாம் வெளுத்துப்போய் வரும். "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று எழுதினால் போதாது. இருண்ட தண்ணீரைப் பார்த்து மீற்றர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் வரை குறைத்துப் பாருங்கள் என்று எழுத வேண்டும். உப்புப் பூத்த வெண்தரையில் இதே பறவை என்றால் கணக்கு தலைகீழ். அங்கே கூட்ட வேண்டும். பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் படத்துக்கும் இப்படி வழி சொல்ல வேண்டும். ஏழரை மீற்றர் உயரம்தான், சுற்றளவோ பத்தொன்பது மீற்றருக்கு மேல். பருமன்தான் அதன் அழகு. வைட் லென்சோடு கிட்டப் போய், அண்ணாந்து எடுத்து, அதைச் சாதாரண நெட்டை மரமாக்கிக் கொண்டுவருவார்கள். தள்ளி நின்று, அடிமரத்தோடு ஒரு ஆளை நிறுத்தச் சொல்லுங்கள்.

படத்தை எப்போதும் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். மீன்வலையின் கண் எல்லாம் கலங்கிப்போய், ஷார்ப் இல்லை என்று வீண் பழி விழும். மத்தியான வெயிலில் வள்ளத்தில் இருந்து பார்ப்பவருக்கு எல்லாப் படமும் இருட்டு. போன் வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, வீட்டுக்குள் இருந்து பார்த்தபிறகு எழுதுங்கள். சந்தேகம் வந்தால் ஹிஸ்டோகிராமைக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில், கையில் ஒரு படத்தோடு வெயிலில் நிற்கிற அம்மாமார் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படம். இடம்பெயர்ந்து ஓடியதில் சிலருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அப்படி ஒரு அம்மாவை ஒரு தம்பி எஃப் 1.8இல் எடுத்து அனுப்பினார். கண்ணீர்த் துளி கூர்மையாக விழுந்திருந்தது. பின்னணி கரைந்த அழகைச் சிலர் எழுதத் தொடங்கினார்கள். குழுவில் மூத்த அக்கா ஒருவர், அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தாயா என்று முதலில் கேட்டார். பிறகு எழுதினார்: "அவ பிடிச்சிருக்கிற படத்திலை பிள்ளையின்ர முகம் மங்கிப்போச்சே தம்பி. அந்த முகத்தைக் காட்டத்தானே அவ நிக்கிறா." அதன்பின் பின்னணியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. தம்பி திரும்பப் போய், அனுமதி கேட்டு, எஃப் 8இல் இரண்டு முகமும் தெளிய எடுத்தார். பிரின்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். அந்தப் படத்தை அம்மாவின் சம்மதம் இல்லாமல் எங்கும் போடுவதில்லை என்றும் முடிவானது. அதன்பிறகு, ஆட்கள் உள்ள எந்தப் படத்துக்கும் எங்கள் குழுவில் முதல் கேள்வி, கேட்டு எடுத்ததா என்பதுதான்.

இதெல்லாம் புதிய ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பொழுதுபோக்குப் படக்காரர்கள், பிரின்ட்களை ஒரு பெட்டியில் போட்டுத் தபாலில் ஆளுக்காள் சுற்றவிட்டு, ஒவ்வொருவரும் தம் கருத்தை எழுதி அடுத்தவருக்கு அனுப்பினார்கள். தமிழிலேயே 2007 முதல் 'தமிழில் புகைப்படக்கலை' குழுவினர் மாதம் ஒரு தலைப்பில் போட்டி வைத்தார்கள். போட்டி நல்லதுதான். ஆனால் பரிசு என்று வந்தால் ஆட்கள் பாதுகாப்பான படத்தையே அனுப்புவார்கள். சரிவராத படத்தைத் துணிந்து காட்டச் சின்னக் குழுதான் வேண்டும்.

ஒரே ஆறு பேர் நெடுநாள் இருந்தால் ஒருவர் கண் மற்றவருக்குப் பழகி, என்ன சொல்வார் என்பது படம் வருமுன்பே தெரிந்துவிடும். அப்போது ஒருவரை வேறு குழுவுக்கு அனுப்பி, புது ஆளை எடுங்கள். போன் மட்டும் வைத்திருக்கிறவரைத் தாராளமாகச் சேருங்கள். படத்தைப் பார்க்குமுன் "என்ன கமரா, என்ன விலை?" என்று கேட்கிறவரை மட்டும் கொஞ்சம் காக்க வையுங்கள்.