சப்பாத்தை உற்றுப் பார்த்தவர்கள்

பக்கங்கள் அச்சுக்குப் போன பின்னர் வீடு திரும்பி, கடந்த சில வாரங்களாக நள்ளிரவில் நான் கேட்டுக்கொண்டிருப்பது ‘பிக்மேலியன்’ என்னும் இசைத்தொகுப்பை. ஸ்லோடைவ் என்ற ஆங்கிலேய றொக் குழு 1995 பெப்ரவரியில் அதை வெளியிட்டது. அவர்களின் அடுத்த தொகுப்பு வர 22 ஆண்டுகள் சென்றன. அந்த இடைவெளியில் என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு பங்குண்டு.

லண்டனுக்கு மேற்கே றீடிங் நகரில் 1989இல் உருவான குழு இது. நீல் ஹால்ஸ்டெட்டும் றேச்சல் கோஸ்வெல்லும் பால்ய நண்பர்கள். இருவரும் பாடுவர், கிற்றார் வாசிப்பர். கிற்றாரின் நாதத்தை எதிரொலியில் கரைத்து, குரலையும் அதற்குள் அமிழ்த்திவிடுவது அவர்கள் பாணி. ஒலியை மாற்றும் மிதிகருவிகள் காலடியில் இருந்தமையால் இத்தகைய குழுக்கள் மேடையில் குனிந்தபடியே வாசித்தன. பிரித்தானிய இசை ஏடுகள் அதைக் கண்டு ‘சப்பாத்தை உற்றுப் பார்ப்போர்’ என்று நையாண்டி செய்தன. இன்று அதுவே ஓர் இசைவகையின் பெயர்!

தொடக்கத்தில் இவர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவையும் அதே ஏடுகள்தாம். விரைவிலேயே காற்று மாறிற்று. 1993இல் ‘சுவ்லாக்கி’ வெளியானபோது, ஒரு பாடல் நீங்கலாக இதை மறுபடி கேட்பதைவிடக் கஞ்சி நிரம்பிய குளியல் தொட்டியில் மூச்சுத் திணறிச் சாவது மேல் என்ற பொருள்பட எழுதினார் ‘மெலடி மேக்கர்’ விமர்சகர். மறக்க முடியாத வசனம்தான். அதுதான் சிக்கலும்.

அடுத்ததாக, வெளியீட்டு நிறுவனமான கிரியேஷன் எதிர்பார்த்தது ஜனரஞ்சகமான பாடல்களை. அதே நிறுவனத்தின் ஒயாசிஸ் குழு 1994இல் நாட்டையே கலக்கிக்கொண்டிருந்தது. ஹால்ஸ்டெட் கொடுத்ததோ ‘பிக்மேலியன்’. ஒன்பது பாடல்கள்; முதலாவது மட்டும் பத்து நிமிடங்கள். முன்பிருந்த இரைச்சல் அடங்கி, ஒரு சிறு சுரத்துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. இடையில் நெடிய மௌனம். எவரையும் கவர விரும்பாத இசை. இனி எவரும் கேட்கப் போவதில்லை என்று உணர்ந்தவர்கள் வாசித்ததாகவே எனக்குப் படுகிறது.

வெளியான சில நாட்களிலேயே நிறுவனம் அவர்களைக் கைவிட்டது. மூவர் ‘மொஹாவி 3’ என்ற வேறு குழுவாயினர். ‘மெலடி மேக்கர்’ 2000இல் நின்றுபோயிற்று. 2014இல் ஸ்லோடைவ் பார்சிலோனா இசைவிழாவில் மீண்டும் மேடையேறியது. 2017இல் புதிய தொகுப்பு. 2023இல் வந்த அடுத்தது பிரித்தானியத் தரவரிசையில் ஆறாமிடம் வரை சென்றது. கேட்டு மகிழ்ந்தோரில் பலர் 1995இல் பிறந்தே இராதவர்கள்.

எல்லோரும் அப்படித் திரும்பி வருவதில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கொழும்பில் ஓர் இளைஞரின் முதல் நாடகத்தைப் பற்றி நான் விமர்சனம் எழுதினேன். நாடகத்துக்கு இரண்டு வரி. மிகுதியெல்லாம் என் சாதுரியம். அலுவலகத்தில் உரக்க வாசித்துச் சிரித்தோம். அதன்பின் அவர் நாடகம் எதுவும் மேடையேற்றவில்லை. போர்க்காலம், வேறு நூறு காரணங்கள் இருந்திருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொள்வதுண்டு. சென்ற வாரம் அந்த நறுக்கைத் தேடியெடுத்தேன். என் வரிகள் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடமாய் இருந்தன. நாடகத்தின் ஒரு காட்சிகூட நினைவுக்கு வரவில்லை.