கல்வீடு யாருடையது?

ஜமுனாமரத்தூர்

அன்புள்ள கண்ணு,

ஸ்பெயினின் மலகாவிலிருந்து நீ அனுப்பிய படங்களை உன் அப்பா பெரிதாக்கிக் காட்டினான். அந்தேகேராவின் வெள்ளைச் சுவர் வீடுகள், குன்றின் மேல் மூர்கள் கட்டிய கோட்டை, தக்காளியும் ரொட்டியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்த அந்தப் போர்ரா, கடைசியில் மேங்கா என்ற பெரிய கல்மண்டபம். எல்லாம் அழகாக வந்திருக்கின்றன. கூடவே நீ எழுதியிருந்த கேள்வி என்னை இரண்டு நாள் விடவில்லை.

எங்கள் மலையிலும் கல்வீடு உண்டு என்று அந்த ஊர்க்காரியான உன் தோழியிடம் சொன்னாயாம். "உங்கள் முன்னோர் கட்டியதா?" என்று அவள் கேட்டாளாம். நாம் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தாத்தா சொல்வாரே, அப்படியானால் இந்த மலையில் நமக்கென்று பழையது ஒன்றுமே இல்லையா என்று என்னைக் கேட்கிறாய். இந்தக் கேள்வி உனக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதைக் கேட்க அந்தேகேரா வரைக்கும் போக வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் உண்டு.

முதலில் அந்த ஊரையே எடுத்துக்கொள். மேங்கா ஏறத்தாழ 5700 ஆண்டுப் பழமை உடையது. அதன் மூடுகல் ஒன்று மட்டும் 150 டன் இருக்கும் என்கிறார்கள். வாசல், சமவெளியில் மல்லாந்து கிடக்கும் முகம் மாதிரியான காதலர் பாறையைப் பார்த்தபடி இருக்கிறது. 2016இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கட்டியவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு வெகுகாலம் பிறகு ரோமானியர் வந்து அந்திகாரியா என்ற ஊரை வைத்தார்கள். பிறகு மூர்கள். 1410இல் காஸ்தீல் படை கோட்டையைப் பிடித்தது. இன்றைக்கு அங்கே மொய்யெத்தே ரொட்டி சுட்டு விற்கிறவர் எவரும், மேங்காவைக் கட்டியவரின் நேர் வாரிசு நான் என்று பட்டயம் காட்ட முடியாது. ஆனாலும் உன் தோழி தயங்காமல் எங்களுடையது என்கிறாள். அவள் சொல்வது சரிதான். பள்ளியில் அதைப் படித்தாள், வீட்டார் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், ஊர் அதைக் காக்கிறது. உரிமை அப்படித்தான் வருகிறது.

இப்போது நம்முடையதற்கு வருகிறேன். பட்டறைக்காட்டுப் பக்கம் இருப்பவற்றைக் குள்ளர் குகை என்பார்கள். வேறு இடங்களில் குள்ளர் வீடு, பாண்டவர் வீடு. நாலு பக்கமும் கருங்கல் பலகையை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடி, சாந்தில்லாமல் நிற்கிறது. சிலவற்றின் முன்பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். முழ உயரத்து மனிதர்கள் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் போய் வந்தார்கள் என்று உன் கொள்ளுப்பாட்டி எனக்குக் கதை சொல்லித்தான் சோறு ஊட்டினாள். ஆய்வாளர்கள் இவற்றை இரும்புக்கால ஈமச் சின்னங்கள் என்கிறார்கள். இறந்தவர்களுக்காக இருந்தவர்கள் எழுப்பியவை.

உன் கொள்ளுத்தாத்தாவின் கொல்லையில் அப்படி ஒன்று இருந்தது. சாமை விதைக்க ஏர் ஓட்டும்போது அதைச் சுற்றி ஓட்டுவார். அந்த இடத்தையும் சேர்த்து உழுதால் இன்னும் ஒரு முறம் சாமை கிடைக்கும். வீட்டில் அது தேவைப்பட்ட காலம்தான். ஆனாலும் கல்லை அசைக்க விடவில்லை. வெளியிலிருந்து வந்து புதையல் இருக்கும் என்று தோண்டிக் கவிழ்த்தவர்கள் உண்டு. பலகையைப் பெயர்த்துப் படிக்கல்லாகப் போட்டவர்களும் உண்டு. அவர் செய்யவில்லை. கட்டியவர் யாரென்று தெரியாமலே காத்தார். அவருடைய கொள்ளுப்பேத்தி, இது எங்களுடையதா என்று சந்தேகப்படலாமா?

அடுத்து நான் சொல்லப் போவதுதான் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. ஊர் பார்ப்பதும் சாப்பிடுவதும் அதை நாலு பேருக்குச் சொல்வதும் உன் காலத்துப் பழக்கம் என்று நினைக்காதே. நம் மலையில் பிறக்கும் சேயாற்றின் கரையில் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பற்றிய மலைபடுகடாம் முழுக்க அந்த வேலையைத்தான் செய்கிறது. பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றியதால் நம் கைக்கு வந்தது. பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கிறது, எங்கே தினைக்காவல்காரர் எறியும் கவண்கல் வந்து விழும் என்று எச்சரிக்கிறான். வழியில் பெயர் பொறித்த நடுகற்கள் வரும், வணங்கிவிட்டுப் போங்கள் என்கிறான். பாதை பிரியும் இடத்தில் பின்னால் வருகிறவர் தடுமாறாமல் இருக்கப் புல்லை முடிச்சிட்டு வைக்கச் சொல்கிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். முகம் தெரியாத யாரோ ஒருவருக்காகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகிற மனசு அது.

சாப்பாட்டைப் பற்றி அவன் சொல்வதைக் கேள். மலைச் சிற்றூரில் உங்கள் சொந்த வீட்டுக்குள் நுழைவது போல நுழையுங்கள், உறவினர் போல இன்சொல் பேசி, நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் தருவார்கள் என்கிறான். இன்னொரு இடத்தில் மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லும் அவரை விதையும் சேர்த்த புளிங்கூழ். நம் வீட்டில் சாமைச் சோற்றுக்கு நான் வைக்கும் மொச்சைக்கொட்டைப் புளிக்குழம்பை நினைத்துப் பார். தானியம் மாறியிருக்கலாம், கொட்டை மாறியிருக்கலாம். மலையில் விளைந்த தானியத்தோடு புளியையும் கொட்டையையும் சேர்த்து, வந்தவரை உட்கார வைத்துப் போடும் பழக்கம் மாறவில்லை. என் நம்பிக்கை இதுதான் கண்ணு. இரத்தம் எங்கிருந்து வந்தது என்பதை விட, ஒரு மண்ணில் விளைந்ததை எத்தனை தலைமுறையாகத் தின்று, அடுத்தவருக்கும் போட்டோம் என்பதுதான் ஒருவரை அந்த மண்ணுக்குச் சொந்தமாக்குகிறது.

அந்த நடுகற்களும் பொய்யில்லை. செங்கம் வட்டாரத்தில் எடுத்தவற்றை இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருக்க, 'செங்கம் நடுகற்கள்' என்று தொல்லியல் துறை 1972இல் நூலாகவே வெளியிட்டது. எடுத்தனூர்க் கல்லை நீ பார்க்க வேண்டும். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதி கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான். அவன் நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்து, அவனருகிலேயே காவல் நின்றது. வீரனுக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வட்டெழுத்தில் வெட்டி வைத்தார்கள். நன்றி மறக்காத ஊர் அது.

புதியதைக் கேட்டால் காவலூர் வானாய்வகத்தைச் சொல். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977 மார்ச் 10ஆம் தேதி உலகம் கண்டபோது, அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் நம் மலைக் காவலூரும் ஒன்று.

போன முறை வந்தபோது உன் கேமராவில் பீமன் அருவி இருந்தது, படகுத்துறை இருந்தது. கல்வீட்டைக் காட்டுகிறேன் வா என்றேன். வெயிலாக இருக்கிறது, அடுத்த முறை பார்க்கலாம் அத்தை என்றாய். சாமைச் சோறு ஆறிக் கிடக்க, வரும் வழியில் வாங்கிய நூடுல்ஸைக் கிளறித் தின்றாய். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், மனசு வலித்தது. அங்கே அந்த ஊர்ப் போர்ராவை ஆசையாகச் சாப்பிடும் நீ இங்கேயும் அப்படிச் சாப்பிட வேண்டாமா?

ஒரு வேலை தருகிறேன். தை மாதம் வா, முடிந்தால் உன் தோழியையும் அழைத்து வா. இந்த மலையில் எத்தனை கல்வீடுகள் இருக்கின்றனவோ, நாம் போய்ச் சேரக்கூடிய ஒவ்வொன்றையும் படம் எடு. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுத்தால் பலகையின் விளிம்பு தெளிவாகத் தெரியும். மூடுகல் மேல் ஏறாதே, சுண்ணாம்பால் கோடு போடாதே. கொல்லையில் வேலை செய்யும் பெண்களை எடுப்பதற்கு முன் பேசி, சம்மதம் கேள். ஒவ்வொரு படத்துக்கும் ஊர், துளை எந்தத் திசை பார்க்கிறது, எத்தனை பலகை நிற்கிறது, எது விழுந்திருக்கிறது என்று எழுதி வை. ஊரில் அதற்கு என்ன கதை சொல்கிறார்கள் என்பதையும் எழுது. நடக்க எனக்கு இன்னும் காலில் பலம் இருக்கிறது. வழி காட்ட நான் வருகிறேன். நாளைக்கு ஒரு பலகை காணாமல் போனால், இங்கே இருந்தது என்று சொல்ல நம்மிடம் சாட்சி வேண்டும்.

உன் தோழி மறுபடி கேட்டால், கட்டியவர் யாரென்று தெரியாது, காப்பவர்கள் நாங்கள் என்று சொல். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. புதுச் சாமை குத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை