ஜன்னலைத் தாண்டிய சிவப்பு

2019 ஆவணியில், எங்கள் பக்கத்து வீட்டுத் தறியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு முகூர்த்தப் புடவையைக் கெடுத்தவன் நான். கெடுத்தது தெரியாமல் நடந்தது. மறைத்தது தெரிந்தே செய்தது. நாலு வருஷம் மறைத்தேன். சொல்ல வேண்டியவர்களிடம் இப்போது சொல்லிவிட்டேன். ஆனால் நாலு பேர் முன்னால் தலைகுனிந்தவன் ஒரு சின்னப் பையன், நான் சொன்னதோ நாலு சுவருக்குள். அந்தக் கணக்கு நேராகவில்லை என்று மனசு அடித்துக்கொள்வதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஏனாத்தூர். வெளியூர்க்காரர்களுக்குச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்றால் தெரியும். காஞ்சிபுரம் கூப்பிடு தூரம். அப்பா நெய்தார். நான் நெய்யவில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஓட ஆரம்பித்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. தறிக்குழியில் கால் வைக்க வேண்டிய என் வயசுப் பையன்கள் பலரும் கம்பெனி பஸ் ஏறினார்கள். நானும் ஏறினேன். ஒரு கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் பதினைந்து வருஷமாக வேலை.

பொம்மைக் கார்களுக்கு வண்ணம் அடிப்பது அங்கிருந்து வந்த பழக்கம். இதை விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். பழைய உலோகக் காரின் அடித்தட்டு இரண்டு ரிவெட்டில் நிற்கும். அந்த ரிவெட் தலையை டிரில்லால் மெல்லச் சுரண்டினால் உடல், கண்ணாடி, இருக்கை, அடித்தட்டு என்று தனித்தனியாக வந்துவிடும். பெயின்ட் ரிமூவர் தடவி வைத்தால் பழைய வண்ணம் குமிழ்ந்து தோலாகக் கழன்று வரும். உள்ளே துத்தநாகக் கலவை சாம்பல் நிறத்தில் வெறுமையாக நிற்கும். பள்ளத்துக்குப் புட்டி. காய்ந்ததும் தண்ணீர் தொட்டு 600 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு 1000. அதன் மேல் பிரைமர். பிரைமர் அடித்த பிறகுதான் நம் கைத்தப்பு கண்ணுக்குத் தெரியும். ஒரு கீறல் தெரிந்தால் மறுபடி தேய்ப்பு.

நிஜக் காரின் மேல் ஏறும் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதே தடிமனை 43-ல் ஒரு பங்கு அளவுள்ள சின்னக் காரில் ஏற்றினால், நிஜக் காரின் மேல் நாலு மில்லிமீட்டருக்கு மேல் அப்பியதற்குச் சமம். கதவு இடுக்கு அடைந்துபோகும், பானெட் ஓரம் மழுங்கிவிடும். அதனால் பனி படிவது போல ஒரு கோட், காயவிட்டு இன்னொரு கோட், மறுபடி காயவிட்டு இன்னொன்று. அவசரப்பட்டவன் கையில் வண்ணம் ஒழுகி நிற்கும், இல்லை ஆரஞ்சுத் தோலாகச் சொரசொரக்கும். ஐப்பசி மழையில் லாக்கர் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பாலாடை போல வெளுத்துவிடும். எல்லாம் கூடி வந்த ஒரு நாளில், உள்ளங்கையில் அடங்கும் அந்தக் காரின் பானெட்டில் டியூப் லைட் நெளியாமல் ஒரே கோடாக விழும். அதைப் பார்ப்பதற்காக நான் பல இரவு தூங்காமல் இருந்திருக்கிறேன்.

அந்த ஆவணியில் என் மேஜையில் இருந்தது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வந்த வண்டி. இத்தாலியரான மிக்கெலாட்டி வடிவமைத்தது. 1961 முதல் சென்னைப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அதைச் செய்து விற்றது. ஊருக்கெல்லாம் அம்பாசடர் கல்கத்தாவிலிருந்தும் ஃபியட் பம்பாயிலிருந்தும் வந்த காலத்தில், நம்முடைய மண்ணில் உருவான கார் அது. நான் சின்னப் பையனாக இருந்தபோது காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர் சிவப்பு ஹெரால்டில் வருவார். அந்தச் சிவப்பு கண்ணை விட்டுப் போகவே இல்லை. ஒன்பது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பழைய ஹெரால்டு கையில் கிடைத்ததும், அதே சிவப்பில் அதே ஆழத்தில் அடித்துவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

அதுவரை நான் அடித்ததெல்லாம் லாக்கர். லாக்கரில் தின்னர் சட்டென்று ஆவியாகிவிடும். கார் மேல் படாமல் தப்பிப் போகும் பொடித்துளியை நாங்கள் ஓவர்ஸ்பிரே என்போம். லாக்கரின் ஓவர்ஸ்பிரே கொஞ்ச தூரம் போவதற்குள் காய்ந்து தூசியாகிவிடும், ஊதினால் போய்விடும். அந்தப் பழைய சிவப்பின் ஆழம் அதில் எனக்கு வரவில்லை. எனாமலுக்கு மாறினேன். எனாமல் காற்றில் இருக்கும் ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு மெதுவாக இறுகும் வண்ணம். மெதுவாக இறுகுவதால்தான் தானாகவே சமன்பட்டுக் கண்ணாடியாகிறது. அதே காரணத்தால் அதன் ஓவர்ஸ்பிரே ஈரம் காயாமல் மிதந்து போய், விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இது தெரியாதவன் இல்லை நான். தொழிற்சாலையில் வண்ணம் அடிக்கும் பூத்துக்குள் நுழையும்போதே காற்றடித்து எங்கள் உடுப்பின் தூசியைத் தட்டி எடுக்கும். மேலிருந்து கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். கார் மேல் படாத துளியெல்லாம் தரைக் கம்பி வழியாக இறங்கித் தண்ணீரில் சேரும். ஒரு துளி அடுத்த கார் மேல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை ஏற்பாடு. தினமும் எட்டு மணி நேரம் அதற்குள் நிற்கிறவன், வீட்டுக்கு வந்து மூன்றடிச் சந்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஸ்பிரேயைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல். தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று அகலமாக வைத்த ஜன்னல்.

அது சித்தப்பா வீட்டு ஜன்னல். ரத்த உறவு இல்லை, சின்ன வயசிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். கோர்வைப் புடவை நெய்கிறவர். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கிறவர் சித்தி. அன்றைக்குத் தறியில் இருந்தது மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. முதலாளி கொடுத்த பாவு. மூன்று புடவைப் பாவில் முதல் புடவை, ஐப்பசிக் கல்யாணத்துக்கு. சாயங்காலம் இருவரும் டீ குடிக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தார்கள். ஐந்து நிமிஷம்தானே என்று தறியை மூடவில்லை. கிழக்கிலிருந்து கொஞ்சம் காற்று இருந்தது. நான் மூன்று கோட் அடித்தேன்.

மறுநாள் காலை சித்தப்பா என்னைத்தான் கூப்பிட்டார்.

“இங்க வந்து பாருப்பா. பல்லி எச்சமோன்னு பாத்தேன். செவப்பா இருக்குதே.”

குனிந்து பார்த்தேன். படமரத்தில் சுற்றியது போக வெளியே தெரிந்த ஒரு முழ நெசவில், மஞ்சள் மேல் ஊசிமுனை ஊசிமுனையாகச் சிவப்பு. ஜன்னல் பக்கம் நெருக்கமாக, அந்தப் பக்கம் போகப் போக விலகி விலகி. பாவு இழையிலும் இருந்தது. மற்றவர்களுக்கு அது என்னவோ புள்ளி. எனக்கு அது காற்று வந்த திசை, தெளித்த தூரம், எத்தனை கோட் என்பது வரை எழுதி வைத்த சீட்டு. ஒரு கணத்தில் புரிந்துவிட்டது.

அடித்துப் பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. எனாமல் இன்னும் முழுசாக இறுகாத நேரம். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, ஓரத்தில் ஒரு இழையில் சோதித்துப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியாக ஒத்தி எடுத்திருந்தால் பெரும்பாலும் வந்திருக்கும். அந்த வீட்டில், அந்தத் தெருவில், இந்தக் கறை என்ன, இது எதற்குக் கட்டுப்படும், எவ்வளவு நேரம் வரை கட்டுப்படும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். என் வீட்டில் டர்பன்டைன் பாட்டில் இருந்தது.

“தெரியலியே சித்தப்பா” என்றேன்.

அவர் ஈரத்துணியால் ஒத்திப் பார்த்தார். போகவில்லை. பிறகு சித்திக்குப் பேரன் நினைப்பு வந்தது. ஒன்பது வயசுப் பையன். நான் தேய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாட்டர் பேப்பரை நனைத்துக் கொடுப்பான். மிச்சமான சிவப்பு அக்ரிலிக்கை ஒரு சின்ன டப்பாவில் நானே அவனுக்குக் கொடுத்திருந்தேன். அந்த டப்பா அவன் புத்தகப் பையில் இருந்தது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நான் அங்கே நிற்கும்போதே அவன் முதுகில் அடி விழுந்தது. “நான் இல்ல, நான் தறிகிட்டயே போவல” என்று அழுதான். வாசலில் தெருவே கூடியிருந்தது.

நான் கொடுத்தது தண்ணீரில் கலக்கும் வண்ணம். அதை உதறினால் சொட்டுச் சொட்டாகத் தெறிக்கும், இப்படி ஊசிமுனைப் பனியாகப் படியாது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தாலே, என்னைக் காட்டிக்கொடுக்காமலே பையனைக் காப்பாற்றியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை. பேச்சு வண்ணத்தைப் பற்றித் திரும்பினால் என் பக்கம் வந்துவிடுமே என்று பயந்தேன். ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனேன்.

பணத்துக்குப் பயந்தேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை. அந்தக் கூலி என் சம்பளத்தில் அடங்கும். தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. “அவன் கைவேலை சுத்தம்” என்பார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்து என் கார்களைக் காட்டுவார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு குழந்தையின் பெயரைக் கொடுத்தேன். இதுதான் என் குற்றம். ஸ்பிரேயைத் திறந்தது கவனக்குறைவு. இது வேறு.

முதலாளி அந்தப் புடவையை டேமேஜ் என்று ஒதுக்கினார். கூலியில் பிடித்தம் போக வந்தது பாதி. புள்ளி விழுந்த பாவுப் பாகத்தை வெட்டி எடுத்து, ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்துத் திரும்பத் தறி ஓட்ட நாள் பிடித்தது. அந்த நாட்களில் தறிச் சத்தம் இல்லாத சந்தில் நான் ஹெரால்டுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். கிரில்லுக்கு வெள்ளித்தகடு, கண்ணாடி ஓரத்துக்கு மெல்லிய கறுப்புக் கோடு. நான் செய்ததிலேயே சிறந்த வேலை அதுதான். டியூப் லைட் அதில் நூல் பிடித்தது போல விழுகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பையன் மட்டும் பார்க்க வரவில்லை.

2023-ல் ஒரு நாள், வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பயிற்சிப் பையன் ஓடி வந்து, “அண்ணே, ஈரமா இருந்த கதவுல கை பட்டுடுச்சு” என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. கிளியர் கோட் அடித்த உடல் அடுத்து அடுப்புக்குள் போகும். 140 டிகிரியில் வெந்துவிட்டால் அப்புறம் தேய்த்து எடுத்துத் திரும்ப முதலிலிருந்து. அவன் உடனே சொன்னதால், அடுப்புக்கு முன்னாலேயே நிறுத்தி அந்தக் கதவைத் துடைத்துச் சரி செய்ய முடிந்தது. “சொன்னது நல்லதாப் போச்சு. நேரத்துக்குச் சொன்னா எல்லாத்தையும் துடைச்சிடலாம்” என்று அவன் தோளில் தட்டினேன். தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வயசுப் பையன் ஒரு நிமிஷத்தில் செய்ததை, நான் நாலு வருஷமாகச் செய்யவில்லை.

அன்று இரவே போனேன். சித்தப்பா தறிமேடையில் உட்கார்ந்திருந்தார். கோர்வையாகப் பேச வரவில்லை. எனாமல், காற்று, ஜன்னல் என்று உளறி, கடைசியில் “அந்தப் புள்ளி நான் அடிச்ச பெயின்ட் சித்தப்பா” என்றேன். சித்தி எழுந்து உள்ளே போனார். சித்தப்பா கொஞ்ச நேரம் கையிலிருந்த நாடாவையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா போயிருக்குமா?”

“போயிருக்கும்.”

“அப்ப அந்தப் புள்ளைய அடிச்சிருக்க வேணாம்.”

புடவையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து நான் பணத்தோடு போனபோது மறுக்கவும் இல்லை. பிடித்த கூலி, தறி நின்ற நாள், பிணைத்த கூலி என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னார், எண்ணி வாங்கிக்கொண்டார். அவர் அப்படி வாங்கிக்கொண்டதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். வேண்டாம் என்றிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

பையனிடம் அவன் அம்மா முன்னால் வைத்துச் சொன்னேன். பதின்மூன்று வயசு. மீசை அரும்புகிற முகம். முழுசும் கேட்டான். “சரிண்ணா” என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டான். அதற்குப் பிறகும் என் மேஜைப் பக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

வண்ணம் அடிப்பதை நான் விடவில்லை. விட்டிருந்தால் தண்டனை போலத் தெரிந்திருக்கும், யாருக்கும் ஒன்றும் திரும்பக் கிடைத்திருக்காது. ஒரு பெட்டி செய்து, பின்னால் ஃபில்டரும் காற்றை இழுக்கும் ஃபேனும் வைத்திருக்கிறேன். சந்தில் அடிப்பதில்லை, மொட்டை மாடியில், காற்று அடங்கிய நேரத்தில் மட்டும். அங்கிருந்து ஒரு துளியும் கீழே வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஸ்பிரேயைத் திறக்கும் முன் கைப்பிடிச் சுவரில் குனிந்து குரல் கொடுக்கிறேன்.

“சித்தப்பா, பெயின்ட் அடிக்கப் போறேன்.”

கீழே தறிச் சத்தம் நிற்கும். பழைய வேட்டியை உதறித் தறி மேல் விரிக்கும் ஓசை கேட்கும். ஜன்னல் கதவைச் சாத்துவார்.

“ம், அடி” என்பார்.

அந்தக் குரல் வரும்வரை காத்திருக்கிறேன்.