தலை கெடாமல் கழற்றுவது

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் பழுது வேலை செய்கிறவனுக்கு, பிட் விற்கும் எஸ்.பி. ரோடு சுமார் 20 கிலோமீட்டர். நடுவில் சில்க் போர்டு நெரிசல். ஒரு பிட் வாங்கிவரப் போனால் அரை நாள் போய்விடும். யு.பி.எஸ். நின்றுபோன கம்பெனிக்காரர் அரை நாள் பொறுக்க மாட்டார். சாதாரண டிரைவர் பிடிக்காத செக்யூரிட்டி ஸ்குரூவைச் சரியான பிட் இல்லாமல் கழற்றும் வேலை எங்களுக்கு அப்படித்தான் படிந்தது. பிட் கையில் இருந்தால் பிட்டைத்தான் எடுக்க வேண்டும். அது இல்லாத நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1978இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொட்டதோகூர், கோணப்பன அக்ரஹார கிராமங்களில் 332 ஏக்கரில் ஆரம்பித்த பேட்டை இது. இங்கே உள்ள பெரிய கட்டடங்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கட்டடங்களுக்குள் ஓடும் யு.பி.எஸ்., பவர் சப்ளை, ஆக்ஸஸ் ரீடர் எல்லாம் பழுதானால் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்கு வரும். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி தினமும் பஸ்ஸில் வரும் பையன்கள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

எனக்குக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டதும் மாரிக்குப்பம் ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார். அவர் ஒரு ஸ்குரூவின் முன்னால் உட்கார்ந்தால் உடனே டிரைவரை எடுக்க மாட்டார். துணியால் மண்டையைத் துடைப்பார். ஊசியால் குழிக்குள் இருக்கும் அழுக்கை நோண்டி எடுப்பார். லென்ஸ் வைத்துப் பார்ப்பார். பிறகு கட்டைவிரல் நுனியால் தடவிப் பார்ப்பார். "எத்தனை தடவை வேணும்னாலும் பாரு தம்பி, அதுல ஒண்ணும் தேயாது. திருப்புறதுதான் தேயும்" என்பார்.

தேய்மானம்தான் இந்த வேலையின் கணக்கு. பிட் இல்லாமல் செய்யும் ஒவ்வொரு உத்தியும் மண்டையில் கொஞ்சம் இரும்பைத் தின்கிறது. குறைவாகத் தின்பதை முதலில் செய்ய வேண்டும். புதிதாக வரும் பையன்கள் எடுத்ததுமே டிரில்லைத் தேடுவார்கள். டிரில் போட்ட பிறகு வேறு எதையும் முயன்று பார்க்க முடியாது.

எங்களிடம் அதிகம் வருவது நடுவில் குச்சி வைத்த டார்க்ஸ். ஸ்டார் என்று பேச்சில் சொல்வோம். ஆறு மடல் குழி, நடுவில் ஒரு சின்னக் குச்சி. சாதாரண ஸ்டார் பிட் உள்ளே இறங்காமல் அந்தக் குச்சி தடுக்கும். முறுக்கு அதிகம் இல்லாத ஸ்குரூ என்றால் குச்சிக்கும் குழிச் சுவருக்கும் நடுவில் சின்ன தட்டை டிரைவரைச் செருகித் திருப்பினாலே வந்துவிடும். வராவிட்டால் குச்சியை எடுக்க வேண்டும். பழைய தட்டை டிரைவரின் நுனியைக் குச்சியின் அடியில் பக்கவாட்டில் வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கடின எஃகு என்றால் படக்கென்று ஒடியும். எஸ்.எஸ். ஸ்குரூவில் ஒடியாது, வளையும். அப்போது ஆடும் பால் பல்லை அசைப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். ஒடிந்த துண்டைக் காந்தத்தால் எடுத்துவிட்டு, சாதாரண ஸ்டார் பிட்டைப் போட்டால் வேலை முடிந்தது. ஹார்ட் டிஸ்க் இருக்கும் பெட்டியில் மட்டும் சுத்தியல் கூடாது.

இரண்டு துளை மட்டும் உள்ள ஸ்குரூவுக்கு நோஸ் பிளேயரைத் திறந்து இரண்டு நுனியையும் செருகிப் பார்க்கலாம். சர்கிளிப் பிளேயர் இன்னும் நன்றாக உட்காரும். அடிக்கடி வருகிற அளவாக இருந்தால் தட்டை டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியின் நடுவில் கிரைண்டரால் பள்ளம் போட்டு இரண்டு பல் விட்டுவிடலாம். கிரைண்டரில் பிடிக்கும்போது நொடிக்கொரு முறை தண்ணீரில் முக்குங்கள். நுனி நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். முதல் திருப்பிலேயே பல் வளைந்துவிடும். மேஸ்திரி செய்த அப்படிப்பட்ட டிரைவர் ஒன்று இன்னும் என் மேஜையில் இருக்கிறது. அதன் இரண்டு பல்லும் அரத்தால் தேய்த்தவை. கிரைண்டரை அவர் கடைசி வேலைக்கு நம்ப மாட்டார்.

கை எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதிக் காட்டுவது கஷ்டம். டிரைவரின் பிடி உள்ளங்கையின் நடுவில் உட்கார வேண்டும், முழங்கை ஸ்குரூவுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். உடம்பின் பாரம் கீழே இறங்கிய பிறகுதான் மணிக்கட்டு திரும்ப வேண்டும். "மொதல்ல அழுத்து, அப்புறம் திருப்பு. ரெண்டையும் ஒண்ணா செஞ்சா வழுக்கும்" என்று மேஸ்திரி ஓயாமல் சொல்வார். கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் திருப்புவார். துரு விடுகிற அந்தச் சின்ன 'டிக்' கையில் தெரியும். அது தெரிகிறவரை காத்திருக்கப் பழகவே எனக்குப் பல மாதம் ஆயிற்று.

டிக் வராவிட்டால் உள்ளே பசை இருக்கிறது. மரைப் பூட்டுப் பசையில் நீலம் கைப்பலத்துக்கு விடும். சிவப்பு சுமார் 250 டிகிரி சூடு கேட்கும். சால்டரிங் ஐயனின் முனையை மண்டை மேல் வைத்துப் பொறுமையாக இருங்கள். சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். பக்கத்தில் பிளாஸ்டிக்கோ பேட்டரியோ இருந்தால் இந்த உத்தி வேண்டாம். குழி தேய்ந்து பிட் வழுக்கினால் டூவீலர் மெக்கானிக்கிடம் கொஞ்சம் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் வாங்கி பிட் நுனியில் தடவுங்கள். அந்தப் பொடி நன்றாகப் பிடிக்கும்.

ஒருவழி ஸ்குரூவுக்கு இறுக்க மட்டும்தான் சுவர் உண்டு. கழற்றும் பக்கம் சரிவாக வழுக்கிவிடும். மண்டை வெளியே துருத்தி இருந்தால் வைஸ் கிரிப்பால் கவ்வலாம். இல்லையென்றால் பள்ளம் வெட்ட வேண்டும். ஒற்றை ஹேக்சா பிளேடு வெட்டும் பள்ளம் ஒல்லியாக இருக்கும், தடித்த டிரைவர் நுழையாது. இரண்டு பிளேடைச் சேர்த்துக் கட்டி அறுத்தால் அகலமான பள்ளம் கிடைக்கும். அறுப்பதற்கு முன் காற்று ஓட்டைகளை எல்லாம் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். இரும்புத் தூள் போர்டில் விழுந்தால் நாம் பழுது பார்க்க வந்த பெட்டிக்கு நாமே ஷார்ட் வைத்தது போல் ஆகும். காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டுத் தூளை இழுத்து, பையை உள்வெளியாகத் திருப்பிவிட்டால் தூள் பையோடு போய்விடும். கடைசியாகத்தான் டிரில். நாலு மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு நாலு மில்லிமீட்டர் பிட். மண்டை தனியாகக் கழன்று விழும், மூடியை எடுத்த பிறகு நிற்கும் தண்டைப் பிளேயரால் திருப்பி எடுக்கலாம். இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் பல நேரம் தண்டும் அதோடேயே வந்துவிடும்.

ஐபோன் அடியில் இருக்கும் ஐந்து மடல் ஸ்குரூவில் இந்த உத்திகள் எதையும் செய்யாதீர்கள். 2010இல் ஐபோன் 4 வந்ததற்குப் பிறகு அதற்கான பிட் எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. ஸ்குரூ அவ்வளவு சின்னது. ஒரு வழுக்கலில் முடிந்துவிடும். பெஸ்காம் மீட்டரின் சீலையும் நாங்கள் தொடுவதில்லை. யாருடைய பெட்டி என்று தெரியாமல் எதையும் திறப்பதில்லை. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்தது நல்ல காரியம்தான். ஆனாலும் சொந்தக்காரர் எதிரில் நின்று 'திறங்க' என்று சொல்வதுதான் எங்கள் பட்டறையின் சட்டம்.

மூடி திறந்ததும் கையை உள்ளே விடாதீர்கள். 230 வோல்ட் லைனில் ஓடும் பவர் சப்ளையின் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கும். குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் கால்களில் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே வேலை.

திரும்ப மூடும்போது அதே மரை, அதே நீளத்தில் சாதாரண ஸ்குரூ போடுவோம். நீளம் கூடினால் நுனி போர்டைத் தொட்டுவிடும். கழற்றிய பழைய ஸ்குரூவை ஒரு கவரில் போட்டுப் பெட்டியோடு கொடுத்துவிடுவோம். மைக்ரோவேவ் அடுப்புக்கு மட்டும் சாதாரண ஸ்குரூ போட மாட்டோம். அதன் கெபாசிட்டரில் சுமார் 2000 வோல்ட் இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், அந்தக் குச்சி ஸ்குரூவை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள். எஸ்.பி. ரோட்டிலிருந்து அதே வகை ஸ்குரூ வருகிறவரை அந்த அடுப்பு பட்டறையிலேயே இருக்கும்.