மலை எங்க சார்?

ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்டுப் பையனுக்குப் போடிநாயக்கனூர். சென்னைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் பெட்டி படுக்கையோடு மலையையும் கையோடு கொண்டு வந்துவிட்டான் போல! காபி குடிக்கப் போனால் மலை பற்றிப் பேச்சு. லீவ் லெட்டர் எழுதினால் அதற்கும் காரணம் மலை. போன வருஷம் துங்கநாத் போய்விட்டு வந்தான். இமயமலையில் சுமார் 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கிற சிவன் கோயில். செல்போனில் அவன் காட்டிய படத்தில் கோயில் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. பின்னால் வரிசையாகப் பனிமலைகள். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மொத்தமும் ஃபைலை மூடிவிட்டு அவன் நாற்காலியைச் சுற்றி நின்று 'ஆஹா' சொன்னது.

அதோடு விட்டிருக்கலாம். என் பக்கம் திரும்பி, "உங்க ஊர்ல மலைக்கோயில் ஏதாவது இருக்கா சார்?" என்றான்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர். நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் கீவளூர். அங்கே சைக்கிளில் போனால் எழுந்து நின்று மிதிக்க வேண்டிய ஒரே உயரம் வாய்க்கால் பாலம்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், அதற்கப்புறமும் வயல். இருந்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே!

"இருக்கே... கட்டுமலைக் கோயில்" என்றேன். 'கட்டு'வைக் கொஞ்சம் முழுங்கிவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப நானும் வரேன் சார்!"

அந்த அடுத்த தடவை தை மாசக் கடைசியில் வந்தது. எனக்கு அது உல்லாசப் பயணம் இல்லை. அப்பா போன பிறகு அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தத் தடவை கையோடு குரோம்பேட்டைக்கு அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்து, அம்மாவின் புடவைகளுக்காக ஒரு காலிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஃப்ளாட் மூணாவது மாடி. லிஃப்ட் வரும் என்று கட்டும்போதே சொன்னார்கள். லிஃப்டுக்கான பொந்து வந்துவிட்டது.

கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் நாகப்பட்டினத்தில் இறங்கி, திருவாரூர் போகிற டவுன் பஸ்ஸைப் பிடித்தோம். சிக்கல் தாண்டியதும் பையன் ஜன்னல் வழியே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. மிஷின் ஓடிய வயலில் வைக்கோல், அதற்கடியில் முன்னாலேயே தெளித்துவிட்ட பயறும் உளுந்தும் இரண்டு இலை விட்டிருந்தன. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவியல்கள்.

"மலை எங்க சார்?"

"வரும், வரும்" என்றேன். அந்த நெல் குவியல்தான் அதுவரை நாங்கள் பார்த்ததிலேயே உயரம்.

வீட்டில் அம்மா அவனுக்கு இட்லி வைத்துக்கொண்டே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள். "மலையா? இங்க ஏது தம்பி மலை? செங்கட் சோழராசா கட்டி வச்ச மலைதான்!"

சமாளிக்க வேண்டியதாயிற்று. கோச்செங்கட் சோழன் கதையைச் சொன்னேன். போன ஜென்மத்தில் அவர் திருவானைக்காவில் ஒரு சிலந்தி. லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னும். அங்கேயே பூஜை செய்த யானை, இதென்ன அழுக்கு என்று தினம் வலையைப் பிய்த்துப் போடும். ஒரே ஆபீஸில் இரண்டு செக்‌ஷன் மாதிரி, இரண்டு பேரும் வேலையைத்தான் செய்தார்கள்! கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் செத்துப் போயின. சிலந்தி ராஜாவாகப் பிறந்தது. பழைய பகை மறக்கவில்லை. யானை ஏற முடியாதபடி உயரமான மேடை எழுப்பி, அதன் மேல் சிவனை வைத்துக் கோயில் கோயிலாகக் கட்டினார். அதுதான் மாடக்கோயில், கட்டுமலை. 78 கோயில் என்று ஒரு கணக்கு, 70 என்று இன்னொரு கணக்கு. 7-ஆம் நூற்றாண்டுக்காரர்களான அப்பரும் சம்பந்தருமே அவரைப் பழங்காலத்து ராஜாவாகத்தான் பேசுகிறார்கள் என்றால், எவ்வளவு பழசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சுற்று வட்டாரத்திலேயே கீழ்வேளூர், தேவூர், சிக்கல் என்று மூன்று இருக்கின்றன.

"யானைக்காக மட்டும் இருக்காது சார். வெள்ளம் வந்தா சாமி நனையக்கூடாதுன்னு கட்டியிருப்பாங்க" என்றான் பையன். மலைக்காரனுக்கு வந்த உடனேயே டெல்டா புரிந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால், ஒரு சிலந்தியின் கோபத்தில் இத்தனை கோயில்கள் எழும்பின என்பது கேட்க நன்றாக இருக்கிறதே, அதை ஏன் விட வேண்டும்?

சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பினோம். அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எங்கம்மா? படி ஏறக்கூடாதுன்னு டாக்டர்..."

"டாக்டரா வந்து ஏறப் போறாரு? நான்தானே ஏறப் போறேன்."

முதலில் அஞ்சுவட்டத்தம்மன் சன்னதி. சூரபத்மனைக் கொன்ற பாவம் தீர முருகன் இங்கே வந்து தவம் இருந்தபோது, பிள்ளையின் தவம் கலையாமல் நாலு திசையையும் ஆகாயத்தையும் அம்மாக்காரியே பத்ரகாளியாக நின்று காவல் காத்தாளாம். அஞ்சு பக்கக் காவல். அம்மா அங்கே அதிக நேரம் நின்றாள்.

பிறகு படிகள். துங்கநாத் ஏறியவனுக்கு இது ஒரு மூச்சு. மேலே போய் நின்றுவிட்டான். அம்மாவுக்கு? ஒரு கை சுவரில், ஒரு கை என் தோளில். நடுவில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை படி என்று எண்ணிக்கொண்டு வந்தேன். அம்மா பேசிய பேச்சில் கணக்கு தப்பிவிட்டது.

"77 புயலுக்கு மறுநாள் இந்தப் படியிலதான் வந்து நின்னேன். ஒரு தென்னை நிக்கல. கடல் வரைக்கும் தெரியற மாதிரி வெட்டவெளியா இருந்துச்சு. உங்கப்பா அன்னிக்கு நாகப்பட்டினத்துல மாட்டிக்கிட்டாரு. கேடிலியப்பான்னு கத்தினேன். சாயங்காலம் நடந்தே வந்து சேர்ந்தாரு."

கேடிலியப்பர்தான் மேலே இருப்பவர். கேடு இல்லாதவர். அட்சயலிங்கம் என்பது சமஸ்கிருதப் பெயர்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது பையன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். மதிலுக்கு மேலே தென்னந்தலைகள், ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் ஒன்றுமே இல்லாத வானம்.

"என்னப்பா, ஏமாந்துட்டியா?" என்றேன்.

"இல்ல சார். எங்க ஊர்ல மேற்கால மலை. சாயங்காலமே சூரியன் மலைக்குப் பின்னாடி போயிடும். அது முழுசா தரையில இறங்குறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்." செல்போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இதுதான் சமயம் என்று அம்மாவிடம் ஆரம்பித்தேன். "பார்த்தியா, ஏறிட்டே. நம்ம வீட்டுப் படியும் இவ்வளவுதான்..."

"உன் வீட்டுக்கு எத்தனை படி?"

"அம்பத்தி நாலு."

"ஏறிப் போனா மேல யாரு இருப்பா?"

"நாங்கதாம்மா இருக்கோம்."

"நீங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்குப் போனா ராத்திரி எட்டுக்குத்தானே வர்றீங்க? இங்க ஏறினா இறங்கலாம்ப்பா. அங்க ஏறினா நான் எப்ப இறங்குவேன்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பையன் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இறங்கும்போது அம்மாவின் இன்னொரு கையை அவன் பிடித்துக்கொண்டான். இறங்குவதுதான் முட்டிக்கு அதிகக் கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் அம்மா பல்லைக் கடித்தாள். கீழே வந்ததும், "ஒண்ணுமில்ல" என்றாள், நாங்கள் கேட்காமலே.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ். "மாசியில வா, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். காலிப் பெட்டியைக் காலியாக அனுப்ப மனசில்லை. புது அரிசியும் பயறுமாகப் போட்டு அமுக்கி மூடிவிட்டாள்.

குரோம்பேட்டையில் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.