கூடுதலாகக் கிடைத்த 15 நிமிடம்

ஐ.எஸ்.டி.க்யூ.பி. என்ற மென்பொருள் சோதனைச் சான்றிதழ் அமைப்பின் பாடத்திட்டத்தை எழுதும் முகந்தெரியாத பெரியவர்களுக்கு,

சேரன்மகாதேவியிலிருந்து எழுதுகிறேன். 2002-இல் எடின்பரோவில் தொடங்கிய உங்கள் அமைப்பில் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் தன்னார்வலர்கள் என்று தெரிந்த அன்றே எழுத நினைத்த மடல் இது.

பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள் நான். மென்பொருள் சோதனை வேலையில் மூன்று வருஷம் ஆகியும் மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டேன். பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று கை தானாகப் போகும். ஏன் அங்கே தேடினாய் என்று கேட்டால், 'சும்மா தோணிச்சு' என்பேன். தோணிச்சு என்பதற்காக யாரும் ரிலீஸை நிறுத்த மாட்டார்கள்.

உங்கள் பவுண்டேஷன் பாடத்திட்டத்தைக் காசில்லாமல் இறக்கிப் படித்தேன். 60 வயது முதல் சலுகை என்றால் 59-ஐயும் 60-ஐயும் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு எல்லை மதிப்புப் பகுப்பாய்வு என்று பெயராம். நான் செய்துகொண்டிருந்ததுதான். ஆனால் பெயர் சொல்லிப் பேசிய பிறகுதான் என் பேச்சு எடுபட்டது.

ஒரே சோதனைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் புதுப் பிழை சிக்காது. மென்பொருள் சோதனை நூலாசிரியர் போரிஸ் பைசர் இதைப் பூச்சிக்கொல்லி முரண் என்றார். அப்பாவிடம் சொன்னேன். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் பார்த்த மனுஷர். "புகையான் பூச்சிக்கு ஒரே மருந்தையே அடிச்சா அதுக்குப் பழகிரும்லா. இதுக்கா பரீட்ச வைக்காவ?" என்றார். 2023-இல் வந்த பாடத்திட்டத்தின் 4.0 பதிப்பில் அந்தத் தலைப்பை மாற்றி, சோதனைகள் தேய்ந்துபோகும் என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு அதில் மட்டும் வருத்தம்.

ஜேம்ஸ் பாக் போன்ற பழுத்த சோதனையாளர்கள் இந்தச் சான்றிதழ்களைக் கடுமையாக எதிர்ப்பது எனக்கும் தெரியும். விடைக்கு நேரே குறிபோட்டவரெல்லாம் சோதனையாளர் ஆகிவிட மாட்டார். சான்றிதழை மட்டும் பார்த்து ஆளெடுப்பதும் தப்புதான். முதலில் வேலையைப் பழகி, அப்புறம் தேர்வெழுதியதால் எனக்கு அது உதவியது.

உண்மையில் நன்றி சொல்ல வந்தது வேறொன்றுக்கு. 40 கேள்விக்கு 60 நிமிடம். தேர்வு மொழி தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு 75. பள்ளியிலோ கல்லூரியிலோ நேர்காணலிலோ இப்படியொரு 15 நிமிடத்தை எனக்கு யாரும் தந்ததில்லை. ஆங்கிலக் கேள்வியில் வரும் 'நாட்' என்ற சின்னச் சொல்லை என் கண் தாண்டிப் போய்விடும். 'எது பொருந்தாது' என்று மனசுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் குறிப்பேன். அந்தச் சொல்லிப் பார்த்தலுக்கு ஆகும் நேரத்தை யாரோ ஒருவர் கணக்கில் வைத்திருக்கிறார்.

தேற 26 மதிப்பெண் வேண்டும். முதல் தடவை நான் எடுத்தது 25. எல்லை மதிப்பு எனக்கு மறக்கவே மறக்காது. இரண்டாம் தடவை தேறினேன்.

அந்த 15 நிமிடத்தை யோசித்தவர் எப்போதாவது தாமிரபரணிப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பூச்சி மருந்துப் பெயரை ஏன் எடுத்தீர்கள் என்று அப்பா கேட்பார். பதிலோடு வாருங்கள்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவிக்காரி ஒருத்தி