சூரனைத் தடுத்தது எது?

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் என் நெஞ்சைத் தொட்டவன் சூரபன்மனே. தேவர்களைச் சிறைவிடுத்து உய்யுமாறு வீரவாகு தூது வந்து கூறியும் அவன் மறுத்தான். ஆயினும் போர்க்களத்தில் முருகப்பெருமானின் பேருருவைக் கண்டபோது அவன் உள்ளம் உருகிற்று. வலம்வரவும் வணங்கவும் அடிமையாகி வாழவும் விழைந்தான். தடுத்தது மானம் ஒன்றுதான். பேருரு மறைந்ததும் மீண்டும் போர் தொடுத்தான்.

மாமரமாய் நின்றவனை வேல் பிளந்தது. இரு கூறும் சேவலும் மயிலுமாகிச் சீறி வந்தன. பெருமானின் அருட்பார்வை பட்டதும் பகை ஒழிந்தது. சேவல் கொடியாயிற்று, மயில் ஊர்தியாயிற்று. மறுத்த நாட்களை விடுத்து, பணிய விழைந்த அந்த ஒரு கணத்தையே இறைவன் கணக்கில் கொண்டான் என்பது என் துணிபு.

பிழைக்க வந்து, குடியால் நிலைகெட்டு, ‘எந்த முகத்தோடு போவது’ என உறவினருக்கு ஒளிந்து வாழ்வோர் நம்மிடையே உண்டு. அன்பர்களே, என் தம்பியும் அவர்களுள் ஒருவன். தாராவியில் இருப்பவன், சுனாபட்டியிலுள்ள என் வீட்டுப் படியை மிதித்துப் பத்தாண்டுகள் ஆயின. அவனைத் தடுப்பதும் மானமே. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்கு உடன் வருமாறு சஷ்டிதோறும் சொல்லி அனுப்புகிறேன். “வராதவனுக்கு எதற்கு அழைப்பு?” என்கின்றனர் இல்லத்தார். வருவதும் வாராததும் அவன் விருப்பம்; அழைப்பது என் கடன். இவ்வாண்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.